இருக்கலாம் என்ற தீர்ப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வயது எழுபதைத் தாண்டியாயிற்று. துறைமுகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது தோட்டத் தமிழ்ப்பள்ளி. பிற்பாடு அதே பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சில காலம் பொருளாளராகவும் இருந்தேன்.

தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு விரோதம் என்று சில இயக்கங்கள் போட்ட வழக்கு கூட்டரசு நீதிமன்றத்தில் தள்ளுபடியான அன்று, எங்கள் புலனக் குழுவில் ஒரே கொண்டாட்டம். ‘இனி எந்தக் கொம்பனும் தமிழ்ப்பள்ளியைத் தொட முடியாது’ என்று ஒருவர் போட்டார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டுக்கு ஒன்று என்று முடிவு வந்ததாகப் படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்றாவது நீதிபதி நம் பள்ளிகளை மூடச் சொன்னாரா? நாளைக்கு வேறு மூன்று பேர் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்?

இன்னொரு கேள்வி. இப்படி வழக்குப் போடுவதே தேச நிந்தனை இல்லையா? இவர்களை ஏன் யாரும் பிடித்து உள்ளே போடவில்லை?

கடைசியாக ஒன்று, மறைப்பதில் பயனில்லை. என் பேத்தி படிப்பது சீனப்பள்ளியில். மருமகள் எடுத்த முடிவு, மகனும் தலையாட்டிவிட்டான். தமிழ்ப்பள்ளியைப் பற்றி நான் வாய் திறந்தால், ‘ஊருக்குத்தான் உபதேசமாப்பா?’ என்கிறான். இதற்கும் சேர்த்தே பதில் எழுதுங்கள்.

ம., பட்டர்வொர்த்


அன்புள்ள ஐயா,

உங்களைத் தூங்கவிடாத இரண்டுக்கு ஒன்றை முதலில் பார்த்துவிடுவோம். மூன்றாவது நீதிபதி எந்தப் பள்ளியையும் மூடச் சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றத்தின் முன் இருந்தது வழக்கே அல்ல, வழக்கைக் கொண்டுவர அனுமதி கேட்கும் மனு. சிவில் வழக்கில் தோற்றவர் நேராகக் கூட்டரசு நீதிமன்றத்துக்குள் நுழைந்துவிட முடியாது. நீதிமன்றங்கள் சட்டம் 1964இன் 96ஆவது பிரிவின்படி, முழு விசாரணைக்குத் தகுந்த சட்டக் கேள்வி தன்னிடம் இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். இருவர் இல்லை என்றார்கள், ஒருவர் மாறுபட்டார். மாறுபட்டவரின் பேச்சு ஜெயித்திருந்தாலும் அடுத்து வந்திருப்பது விசாரணைதான். தீர்ப்பு அதற்கப்புறம்.

இதில் நம்மவர்கள் பேசாத ஒரு பக்கமும் உண்டு. அனுமதி மறுக்கப்பட்டதால், மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இந்தக் கேள்வியில் தன் வாயால் விரிவான தீர்ப்பு எதையும் எழுதவில்லை. இன்று நமக்கு அரணாக நிற்பது 2023 நவம்பர் 23இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு. அது நாட்டின் எல்லா உயர்நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும், கூட்டரசு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இந்த வாதிகளுக்குக் கதவு அடைபட்டுவிட்டது. வேறொருவர் வேறொரு வழக்கில் இதே கேள்வியை மேலே கொண்டுபோவதைத் தடுக்கும் பூட்டு எதுவும் அதில் இல்லை. ‘எந்தக் கொம்பனும்’ என்று எழுதிய நண்பரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வழக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரிலும் கோத்தா பாருவிலும் தனித்தனியாகப் போட்ட வழக்குகள் இவை. கப்பேனா என்னும் மலாய் எழுத்தாளர் சங்கக் கூட்டமைப்பும் சில இஸ்லாமியக் கல்வி, ஆசிரியர் அமைப்புகளும் வாதிகள். எதிர்த்தரப்பில் அரசாங்கத்தோடு ம.இ.கா., ம.சீ.ச. கட்சிகள், சீனப் பள்ளி நிர்வாகக் குழுக்களின் சங்கமான டோங் ஜோங், இன்னும் பல தமிழ், சீன அமைப்புகள். 2021 டிசம்பர் 29இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிபதி முகமட் நஸ்லான் முகமட் கசாலி. பெயர் பழக்கமாகத் தெரிகிறதா? எஸ்.ஆர்.சி. நிறுவன ஊழல் வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப்புக்கு 12 ஆண்டுச் சிறையும் 21 கோடி வெள்ளி அபராதமும் விதித்தவர் அவர்தான். நஜிப் தீர்ப்பை ஊர் முழுக்க வரிக்கு வரி அலசினோம். நம் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றி அதே மனிதர் எழுதியதை எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

சண்டை மொத்தமும் கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆவது விதியைச் சுற்றித்தான். மலாய் மொழியே தேசிய மொழி என்று அது தொடங்குகிறது. உடனே இரண்டு விலக்குகள். ஒன்று, அதிகாரபூர்வ நோக்கங்களுக்கு அல்லாமல் வேறு எந்த மொழியையும் பயன்படுத்துவதையோ, எந்த மொழியையும் கற்பிப்பதையோ கற்பதையோ யாரும் தடுக்கக் கூடாது. இரண்டு, பிற சமூகங்களின் மொழிப் பயன்பாட்டையும் படிப்பையும் பேணிக் காக்க மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு உள்ள உரிமைக்கு இதனால் பங்கம் வராது.

வாதிகள் பிடித்த நூல் இது: தமிழைக் கற்பிக்கலாம், யார் வேண்டாமென்றது? ஆனால் கணக்கையும் அறிவியலையும் தமிழில் கற்பிக்க எங்கே இடம் இருக்கிறது? அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளி ஒரு பொது அதிகார அமைப்பு, அங்கே பயிற்று மொழியாகத் தமிழைப் பயன்படுத்துவது அதிகாரபூர்வப் பயன்பாடு, ஆகவே செல்லாது.

இது நேற்று முளைத்த வாதம் அல்ல, ஐயா. இதன் வேர் ஒரு பினாங்குக்காரரிடம் இருக்கிறது. நீதிபதி யூசோஃப் அப்துல்காதர், இந்தத் தீவில் பிறந்தவர், மகா மேதை. தீர்ப்புகளில் அவர் போடும் ஆங்கிலச் சொற்களுக்கு வழக்கறிஞர்களே அகராதி புரட்டுவார்கள். சீன மொழியில் நடத்தத் திட்டமிட்ட மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கு 1981இல் அவர் முன்தான் வந்தது. பல்கலைக்கழகம் ஒரு பொது அதிகார அமைப்பு, அங்கே சீன மொழியில் பாடம் நடத்துவது அதிகாரபூர்வ நோக்கத்துக்கான பயன்பாடு, ஒரு மொழியைக் கற்பிக்கும் உரிமை அந்த மொழியில் கற்பிக்கும் உரிமை ஆகாது என்று எழுதினார். 1982இல் கூட்டரசு நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் முடிவை உறுதி செய்தது. அந்த ஆண்டிலிருந்து நம் பள்ளிகளின் தலைக்கு மேல் இந்தத் தீர்ப்பு தொங்கிக்கொண்டேதான் இருந்தது. யாரும் அதைக் கையில் எடுக்காததால் நமக்குத் தெரியவில்லை.

உங்கள் தேச நிந்தனைக் கேள்விக்கும் அதே நீதிபதிதான் பதில் சொல்லியிருக்கிறார், நீங்கள் விரும்பாத பதில். 1978 அக்டோபரில் மார்க் கோடிங் என்ற சபா மாநிலத்து எம்.பி. நாடாளுமன்றத்தில் எழுந்து சீன, தமிழ்ப் பள்ளிகளை மூட வேண்டும் என்று பேசினார். 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு கொண்டுவந்த திருத்தத்தின்படி, 152 போன்ற விதிகளைக் கேள்வி கேட்டுப் பேசினால் நாடாளுமன்றப் பாதுகாப்பும் கிடையாது. ஆகவே தேச நிந்தனை வழக்கு. அப்துல்காதர் பேச்சை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். பள்ளிகளை மூடச் சொன்னது மட்டும் நிந்தனை ஆகாது, ஏனென்றால் 152 காப்பது மொழியைப் படிப்பதை, அந்த மொழியில் நடக்கும் பள்ளியை அல்ல. தேவையானால் 152ஐயே திருத்த வேண்டும் என்று பேசினாரே, அதுதான் குற்றம். ஆளைச் சிறையில் போடவில்லை, நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள்.

ஆக, பள்ளிகளை மூடு என்று மேடையில் கத்துவது குற்றமாகாது என்று சொன்ன தீர்ப்பு நாற்பது ஆண்டுக்கும் மேலாகச் சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. வழக்கே போடக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடில்லை. அவர்கள் வழக்குப் போட்டதால்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படி ஒரு தீர்ப்பு எழுத நேர்ந்தது. வாதிகளுக்கு நான் மாலை போடப் போவதில்லை, ஆனால் அவர்கள் நமக்குச் செய்த உபகாரத்தை மறுக்கவும் முடியாது.

அந்தத் தீர்ப்பில் என்ன புதுமை? பள்ளியும் பல்கலைக்கழகமும் ஒன்றல்ல, தாய்மொழிப் பள்ளி தமிழைப் பயன்படுத்துவது அதிகாரபூர்வ நோக்கத்துக்கான பயன்பாடு ஆகாது என்று முடிவானது. அரசியலமைப்பை எழுதியபோது இந்தப் பள்ளிகள் இங்கே கண்ணெதிரே இருந்தன என்ற வரலாறும் வழக்கில் எடை பெற்றது. நம் பினாங்கிலேயே 1816இல் பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. 2016இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினோமே, நினைவிருக்கும். சுதந்திரத்துக்கு முன்பே இத்தனை காலம் நடந்துவந்த ஒன்றை, பெயர்கூடச் சொல்லாமல் ஒரு விதி ஒழித்துவிட்டது என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது?

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. தமிழ்ப்பள்ளி இருக்கலாம் என்கிறது இந்தத் தீர்ப்பு. இருந்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்லும்படி யாரும் கேட்கவும் இல்லை. அந்த இரண்டாவது விலக்கை மறுபடி படித்துப் பாருங்கள். மொழியைப் பேணுவது அரசாங்கத்தின் உரிமை என்றுதான் எழுதியிருக்கிறது, கடமை என்று இல்லை. 152ஆவது விதியைத் திருத்த நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும் மலாய் ஆட்சியாளர்கள் மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும். லேசில் நடக்காது. ஆனால் நம் பள்ளிகள் ‘தேசிய வகைப் பள்ளி’ என்ற பெயரில் நிற்பது கல்விச் சட்டம் 1996இல். அதைத் திருத்தச் சாதாரணப் பெரும்பான்மை போதும். பழைய 1961 சட்டத்தில், தேசிய வகைப் பள்ளியை மலாய்வழித் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரம் அமைச்சரிடம் இருந்தது, 21ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. எத்தனை மேடைகளில் அதை எதிர்த்துக் கத்தினார்கள்! 1996இல் அதை எடுத்தது நீதிமன்றம் அல்ல, நாடாளுமன்றம்.

தீர்ப்பு வந்தால் காரியம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தி என்ற தாயின் வழக்கில் 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில், பெற்றோரில் ஒருவர் மட்டும் சம்மதித்துப் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்றார்கள். இதைவிடத் தெளிவான வெற்றி நம் ஆயுளில் வந்ததில்லை. 2009இல் பதினொரு மாதக் குழந்தையாகத் தந்தை தூக்கிப்போன அவருடைய மகள், தீர்ப்பு வந்து ஏழு ஆண்டு கடந்தும் தாயிடம் வந்து சேரவில்லை.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். நாட்டில் 520க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், பினாங்கில் 28. தோட்டம் துண்டாடப்பட்டு ஆட்கள் பட்டணத்துக்கு வந்த பிறகு, 150க்கும் குறைவான பிள்ளைகளோடு நடக்கும் பள்ளிகள் ஏராளம். இவற்றுக்கு எதிராக யாரும் வழக்குப் போட வேண்டியதில்லை. முதலாம் ஆண்டுப் பதிவு குறைந்துகொண்டே போனால், ஒரு நாள் ஆசிரியர்களை மாற்றிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். அன்று 152ஆவது விதியைத் தூக்கிக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

செபராங் பிறைப் பக்கம் ஒரு பள்ளியின் ஆண்டுக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். கூரை ஒழுகுகிறது, மானியம் ஏன் வரவில்லை என்று ஓர் அம்மா எழுந்து கேட்டார். தலைமையாசிரியர் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வந்தார். உள்ளே தட்டச்சில் அடித்த ஒரு பக்கக் கடிதம், மடிப்பில் கிழிந்து ஒட்டுநாடா போட்டது. பள்ளி நடக்கும்வரை நிலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்துத் தோட்ட நிர்வாகம் கொடுத்தது. கையெழுத்துப் போட்ட துரை யாரென்று யாருக்கும் தெரியவில்லை, தோட்டமும் கைமாறிவிட்டது. பள்ளிக்கு இருக்கும் ஒரே நிலப் பத்திரம் அதுதான். நிலம் தனியாருடையது என்பதால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. முழு உதவி பெறும் பள்ளிக்குக் கிடைக்கும் கட்டட நிதி அதற்குக் கிடையாது. புத்ராஜெயாவில் எத்தனை வழக்கு ஜெயித்தாலும் அந்தக் கூரை ஒழுகும்.

பேத்தி விஷயம். இதில் நான் உங்கள் கட்சி, மகன் கட்சி இரண்டும் இல்லை. அந்த வழக்கில் நம்மோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள் டோங் ஜோங்காரர்கள். உங்கள் பேத்தி எந்த விலக்கின் கீழ் மாண்டரினில் கணக்குப் போடுகிறாளோ, அதே விலக்கின் கீழ்தான் பக்கத்துத் தெருப் பிள்ளை தமிழில் போடுகிறது. மருமகள் ஏன் அங்கே சேர்த்தார் என்று கேட்டீர்களா? பள்ளி வேன் வாசலுக்கு வருகிறதா, மாலை வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதுதான் பல வீடுகளில் காரணமாக இருக்கிறது. மொழிப் பற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. நம் பள்ளிக் கூட்டங்களில் வேனைப் பற்றிப் பேசுவதைவிட இனத் துரோகத்தைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருக்கிறது. தமிழ்ப்பள்ளியைப் பற்றிப் பேச உங்களுக்கு உள்ள தகுதி, பேத்தியின் சீருடையால் குறைந்துவிடாது. மகனிடம் இதை என் பெயரைச் சொல்லியே சொல்லலாம்.

நீங்கள் பொருளாளராக இருந்தவர், கோப்புகள் எங்கே இருக்கும் என்று தெரிந்தவர். நீங்கள் படித்த பள்ளி இன்னும் நடக்கிறதென்றால், அடுத்த கூட்டத்தில் மூன்று விவரம் கேட்டு வாங்குங்கள்: நிலம் யார் பெயரில், உதவி முழுமையா பகுதியா, வரும் ஆண்டு முதலாம் ஆண்டுக்கு எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள். நிலம் தோட்டத்தின் பெயரிலேயே இருந்தால், மாவட்ட நில அலுவலகத்தில் பட்டாத் தேடல் செய்து நகல் எடுத்து அனுப்புங்கள். இங்கே நம் வாசகர்களில் நில வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர் இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன்.