டாலினில் ஓர் இரவாவது தங்குங்கள்: பயணக் கேள்வி பதில்

எஸ்டோனியாவின் தலைநகர் டாலின் பற்றிப் போன இதழில் நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இவை.

கே: என் மகன் ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் வேலை பார்க்கிறான். கோடையில் அவனிடம் போகிறோம். காலையில் கப்பலேறி டாலினைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடலாம் என்கிறான். ஒரு நாள் போதுமா? – வாசகி, மதுரை

ப: போய்வர முடியும். ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஹெல்சின்கிக்கும் டாலினுக்கும் நடுவே சுமார் 80 கிலோமீட்டர் கடல், கப்பலில் இரண்டு மணி நேரம். இந்த வசதியால் பலரும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஊரைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். சொகுசுக் கப்பல்களும் காலையில் கூட்டத்தை இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொண்டு போய்விடும். பகல் பதினோரு மணிக்கு நகர்மன்றச் சதுக்கத்தில் நின்றால் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்கலாம்.

அதே இடத்துக்கு இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள். ஜூனில் அங்கே சூரியன் மறையவே பத்தரை மணி ஆகிவிடும். 1404-இல் கட்டி முடித்த நகர்மன்றத்தின் சுண்ணாம்புக்கல் சுவரில் சாய்வெயில் விழும். 1422-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே குறிப்பிடப்படும் மருந்துக்கடை ஒன்று அந்தச் சதுக்கத்தின் மூலையில் இருக்கிறது. இன்றும் அது மருந்துக்கடைதான். கூட்டம் இல்லாதபோதுதான் இது வணிகர்கள் கட்டிய ஊர் என்பது புரியும். பழைய பெயர் ரேவல். ஹன்சா வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இந்த வழியாகத்தான் ரஷ்யாவோடு வியாபாரம் செய்தார்கள். பழைய வீடுகளை அண்ணாந்து பாருங்கள். மேல்மாடியில் கதவும், அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரமும் தெரியும். சரக்கைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றிய வழி அது. வீட்டுக்குள்ளேயே கிடங்கு!

ஃபின்லாந்தும் எஸ்டோனியாவும் ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) வருவதால் இரண்டுக்கும் ஒரே விசா போதும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: எனக்கு முழங்கால் வலி. மேட்டில் ஏறாமல் பார்க்க முடியுமா? தேவாலயங்களில் எதைத் தவறவிடக் கூடாது? – வாசகர், திருச்சி

ப: பழைய நகரம் மேல், கீழ் என்று இரண்டு பகுதி. தோம்பேயா என்கிற மேட்டுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. 'குட்டைக் கால்' என்பது படிக்கட்டு, அது வேண்டாம். 'நெட்டைக் கால்' சரிவான தெரு, மெதுவாக நடந்து போகலாம். அதைவிட நல்லது, மேட்டின் பின்பக்கம் வரை டாக்ஸியில் போய் இறங்கிக் கீழ்நோக்கி நடப்பது. கீழேயும் மேலேயும் உருளைக்கல் பாவிய தரைதான். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம்.

ஒலேவிஸ்தே தேவாலயக் கோபுரத்தை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். குறுகலான கல் படிகள், இருநூறுக்கும் மேல். உங்களுக்கு அது ஆகாது. நிகுலிஸ்தேவுக்குப் போங்கள், அங்கே லிஃப்ட் இருக்கிறது. அங்கு நான் அதிக நேரம் நின்றது ஓர் ஓவியத்தின் முன்னால். 15-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லூபெக் நகர ஓவியர் பெர்ன்ட் நோட்கே வரைந்த 'மரண நடனம்'. போப், பேரரசர், பேரரசி, கார்டினல், அரசர் என்று வரிசையாக நிற்க, ஒவ்வொருவரையும் ஓர் எலும்புக்கூடு கைப்பிடித்து ஆட இழுக்கிறது. மிஞ்சியிருப்பது சுமார் 7.5 மீட்டர் நீளத் துண்டுதான். 1944 மார்ச்சில் சோவியத் விமானங்கள் போட்ட குண்டுகளில் இந்தத் தேவாலயம் எரிந்துபோனது. ஓவியத்தை முன்கூட்டியே வேறிடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள், அதனால் பிழைத்தது. இந்த ஒன்றுக்காகவே டாலின் போகலாம் என்பது என் கருத்து.

கே: கோட்டைச் சுவருக்கு வெளியே பார்க்க என்ன இருக்கிறது? – வாசகர், கோவை

ப: நிறைய. கடலோரம் 'லென்னுசதாம்' என்ற கடல்விமானத் துறைமுகம், இப்போது அருங்காட்சியகம். முதல் உலகப் போர்க் காலத்தில் எழுப்பிய கான்கிரீட் குவிமாடங்களுக்குள் 'லெம்பிட்' நீர்மூழ்கிக் கப்பலை நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே இறங்கியே பார்க்கலாம். பிள்ளைகளோடு போனால் அரை நாள் ஓடிவிடும். ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர் 1718-இல் கட்டத் தொடங்கிய காத்ரியோர்க் அரண்மனையும் பூங்காவும் அழகு. அரண்மனைக்குள் நேரம் செலவழிக்காவிட்டாலும் பரவாயில்லை, பூங்காவைத் தாண்டி நடந்து பாடல் திடலுக்குப் போய்விடுங்கள்.

சும்மா இருக்கும் நாளில் அது ஒரு புல்சரிவும், 1960-இல் கட்டிய பெரிய வளைவு மேடையும் மட்டும்தான். ஆனால் எஸ்டோனியர்கள் 1869 முதல் பாட்டு விழா நடத்தி வருபவர்கள். சோவியத் ஆட்சியில் தடைசெய்யப்பட்டிருந்த நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடியை 1988 கோடையில் வெளியே எடுத்து, இந்தத் திடலில் இரவிரவாகக் கூடிப் பாடினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று டாலினிலிருந்து ரிகா வழியாக வில்னியஸ் வரை, 600 கிலோமீட்டருக்கும் மேல், எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாட்டு மக்களும் கைகோத்து நின்றார்கள். 1991-இல் விடுதலை கிடைத்தது. அந்தச் சங்கிலியின் டாலின் முனை, தோம்பேயாவில் உள்ள நெட்டை ஹெர்மன் கோபுரத்தின் அடி. இன்றும் அங்கே தினமும் காலையில் தேசிய கீதத்தோடு கொடி ஏற்றுகிறார்கள். பகல் நேரப் பயணிகள் யாரும் இதைப் பார்ப்பதில்லை, அதனால்தான் ஓர் இரவு தங்கச் சொல்கிறேன்.

கே: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? எந்த மாதம் போகலாம்? – வாசகி, சேலம்

ப: மீனும் பன்றி இறைச்சியும்தான் அதிகம். ஆனாலும் காளான், உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி தாராளமாகக் கிடைக்கும். ரை என்ற தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிடுங்கள், அவ்வளவு ருசி. 'காமா' என்று ஒரு மாவு உண்டு. வறுத்த தானியங்களையும் பட்டாணியையும் அரைத்து மோரில் கரைத்துக் குடிக்கிறார்கள். நம் சத்துமாவு மாதிரி, வயிற்றுக்கு இதம். சூப் வாங்கும்போது மட்டும் கறிச்சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நல்லது. டிசம்பரில் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் சந்தை கண்ணுக்கு அழகுதான், ஆனால் வெளிச்சம் ஆறு மணி நேரம்தான் இருக்கும். அப்புறம், ஜூலையில் போனாலும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் எடுத்துப் போங்கள். பிரிதா கடற்கரையில் கால் நனைக்கலாம். உப்பு குறைந்த, அலை அடங்கிய கடல் அது, தண்ணீர் மட்டும் நன்றாகவே குளிரும்.