பூல் பந்தைப் பாத்திரம் மாதிரி விளக்காதீர்கள்

பழைய இரும்புக் கடையில் ஒரு செட் பூல் பந்து (பில்லியர்ட்ஸ் மாதிரி மேசையில் கோலால் அடித்து ஆடுவது) கிடைத்தது. கறுத்துப் போயிருக்கிறது. சபீனா போட்டு நாரால் தேய்க்கலாமா? (தண்டையார்பேட்டை)

வேண்டவே வேண்டாம். அது அழுக்கோடு பளபளப்பையும் எடுத்துவிடும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் கைப்பிசுக்கும், கோல் நுனியில் தேய்க்கும் சாக்கின் தூளும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஒவ்வொரு பந்தாகத் துணியால் துடையுங்கள். ஊறப்போட வேண்டாம். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. பந்தின் மேலேயே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். கேன் தண்ணீரில் அலசி, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். கடைசியாக ஒர்க்‌ஷாப்பில் வைத்திருப்பார்களே, அந்த பனியன் வேஸ்ட், அதில் புதிதாக ஒன்றை எடுத்துப் பத்து நிமிடம் உருட்டித் தேய்த்தாலே பாதிப் பளபளப்பு திரும்பிவிடும்.

தின்னர் பக்கம் போகாதீர்கள். நான் ஒருமுறை மலிவு பந்து ஒன்றில் போட்டேன். 7 என்ற எண் அப்படியே துணியோடு வந்துவிட்டது. பீனாலிக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த நல்ல பந்தில் எண்ணை மேலே அச்சடிப்பதில்லை, உள்ளேயே வார்த்திருப்பார்கள்.

கார் பாலிஷ் போடலாமா? (ராயபுரம்)

மெழுகும் சிலிக்கோனும் கலந்தது வேண்டாம். பந்து வழுக்கும், மிச்சம் டேபிள் துணியில் ஒட்டும். பந்துக்கென்றே விற்கும் கிளீனர் போதும்.

ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவின் பெட்டியில் மஞ்சளாக ஒரு பந்து இருந்தது. தந்தமா? (பெரம்பூர்)

வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வலை பின்னியது போல ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் தந்தமாக இருக்கலாம். கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்ததும் சூடம் வாசனை வந்தால் அது செல்லுலாய்டு, அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். அதில் கற்பூரம்தான் சேர்மானம். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்லும் ஆட்களின் பேச்சைக் கேட்காதீர்கள். செல்லுலாய்டு குபீரென்று பற்றும்.

தந்தம் என்றால் தண்ணீர் படக்கூடாது, வெடிப்பு விடும். காய்ந்த துணியால் துடைத்து, வெயில் படாமல் வையுங்கள். விற்கும் யோசனையே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வனத்துறையில் கேட்டுவிடுவது நல்லது.

வெள்ளைப் பந்து மஞ்சளாகிவிட்டது. பிளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகுமா? (வியாசர்பாடி)

ஆகாது. மேலோட்டமான மஞ்சள் பாலிஷில் போகும். வெளிச்சத்தில் பல வருடம் இருந்து ஏறிய மஞ்சள் போகாது, விட்டுவிடுங்கள். நான் நிறத்தைவிட அளவைத்தான் பார்ப்பேன். எல்லா ஷாட்டிலும் அடி வாங்குவது வெள்ளைதான், அதனால் அதுதான் முதலில் தேயும். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. பட்டறையில் நுட்பமாக அளக்கும் வெர்னியர் கருவி இருக்கும், நாலைந்து பக்கம் வைத்து அளந்து பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறினாலோ, நகம் மாட்டும் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தாலோ, ஃபெவிகுவிக், எம்-சீல் என்று அடைத்துக்கொண்டிருக்காமல் வேறு வெள்ளைப் பந்து வாங்கிவிடுங்கள்.