புதுப்பிக்காத பழைய காருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

கேள்வி: அமெரிக்காவில் சிலர் பழைய கார்களைப் புதுப்பிக்காமல், மங்கிய வண்ணத்தோடும் கிழிந்த இருக்கையோடுமே பெரும் விலைக்கு வாங்குகிறார்களாமே, ஏன்?

பதில்: புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலையைவிட நேர்த்தியாக வண்ணம் பூசிவிடுவதால், அன்றைய தொழிலாளி அவசரத்தில் சிதறவிட்ட வண்ணத் துளிகளும், சரிபார்த்தவர் சுண்ணக்கட்டியால் இட்ட அடையாளங்களும் அழிந்துவிடுகின்றன; அந்தக் கார் உண்மையில் எப்படி உருவானது என்பதற்கு அவைதாம் சாட்சி. (அடிச்சட்டமே துருவேறி உளுத்துப்போன வண்டியை அப்படியே விட்டுவைப்பது வீண் பிடிவாதம் என்பேன்.) 2013-இல் நெப்ராஸ்கா மாநிலத்துப் பியர்ஸ் என்ற சிற்றூரில், எப்போதோ மூடப்பட்ட செவர்லே விற்பனையகம் ஒன்றின் கார்கள் ஏலத்துக்கு வந்தபோது, வெறும் 1.3 மைல் மட்டுமே ஓடியிருந்த 1958-ஆம் ஆண்டுக் கேமியோ பிக்கப் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி), கூரை நசுங்கியிருந்தும் 1,40,000 டாலருக்கு விலைபோனது.