ஓடுபாதையைச் சுற்றி வருவதும் ஒரு வேலையா?

கேள்வி: விமான நிலையத்தில் ஓடுபாதைச் சோதனைப் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணம். ஜீப்பில் சுற்றி வருவதுதானே வேலை என்கிறார்கள். அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

பதில்: சுற்றி வருவதுதான் வேலை. 2000 ஜூலையில் பாரிஸ் அருகே கான்கார்ட் விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்களே, அதன் தொடக்கம் ஓடுபாதையில் கிடந்த, ஒரு முழ நீளம்கூட இல்லாத உலோகப் பட்டை. சற்று முன் கிளம்பிய இன்னொரு விமானத்திலிருந்து கழன்றது. அதன்மேல் ஏறிய டயர் வெடித்து, ரப்பர் துண்டு இறக்கையிலுள்ள எரிபொருள் தொட்டியில் அடித்தது. அப்படிப்பட்ட பட்டையைக் கண்டெடுப்பதற்குத்தான் சம்பளம்.

பெரிய ஓடுபாதைக்கு நாளில் குறைந்தது இரண்டு சோதனை. விமானம் இறங்கி வரும் திசைக்கு எதிர்முகமாக ஓட்டுங்கள். வருவது கண்ணில் படும். பகலில் போல்ட், கல், செத்த பறவை, பெயர்ந்த தளம். இரவில் எரியாத விளக்குகள். புல்தரையில் இறங்கி ஏறினால், உங்கள் டயரில் சிக்கிய கல்லே குப்பையாகிவிடும். முதலில் அதைப் பாருங்கள்.

மழையில்தான் உண்மையான சோதனை. ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை ஓர் எண் தர வேண்டும். காய்ந்திருந்தால் 6, ஈரமானால் 5, தண்ணீர் 3 மி.மீ.க்கு மேல் தேங்கினால் 2. இறங்கி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று விமானி அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார். மேலே விமானங்கள் காத்திருக்கும்போது 2-ஐ 5 என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள்.

ரேடியோவில் கட்டுப்பாட்டு டவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நுழைய அனுமதி கிடைத்த பிறகும் சிவப்பு நிறுத்த விளக்குகள் எரிந்தால் தாண்டக்கூடாது, மறுபடி கேளுங்கள். வண்டியின் பின்பக்கமும் காத்திருப்புக் கோட்டைத் தாண்டிய பிறகே 'வெளியேறிவிட்டேன்' என்று சொல்லலாம்.

கேள்வி: விமானத்தைப் பின்னால் தள்ளும்போது டோ பாரின் (டிராக்டரையும் விமானத்தையும் இணைக்கும் கம்பி) ஷியர் பின் அடிக்கடி முறிகிறது. தடித்த பின் போட்டால் என்ன?

பதில்: விமானத்தின் முன்சக்கரக் கால் முறியும். முதலில் உடைவதற்கென்றே செய்த பாகம் அந்தப் பின். விமான வகைக்கு உரிய பின்னைத்தான் போடுகிறீர்களா என்று பாருங்கள். அது சரியென்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: பார்க்கிங் பிரேக்கை விடுவிக்காமல் தள்ளுவது, முன்சக்கரத்தைத் திருப்பும் எல்லைக் கோட்டைத் தாண்டி வளைப்பது, வெடுக்கென்று கிளப்பி நிறுத்துவது. விமானத்தின் சொந்த ஸ்டீயரிங்கைத் துண்டித்து வைக்கும் பைபாஸ் பின்னைச் சக்கரக் காலில் செருக மறந்தாலும் இதே கதைதான். விமானத்தின் ஹைட்ராலிக் ஒரு பக்கம் திருப்ப, டிராக்டர் மறுபக்கம் இழுக்கும். தள்ளும்போது ஷியர் பின் முறிந்தால் ஹெட்செட்டில் உடனே விமானியிடம் சொல்லுங்கள்: பிரேக், ஆனால் மெதுவாக. பின்னோக்கி நகரும் விமானத்தில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் வால் தரையில் உட்காரலாம். டிராக்டருக்கும் விமானத்துக்கும் நடுவில் யாரும் போகக்கூடாது.

கேள்வி: எனக்கு சிவப்பு, பச்சை சரியாகப் பிரித்துத் தெரியாது. இந்த வேலை கிடைக்குமா?

பதில்: ஓடுபாதைப் பக்கம் கஷ்டம். அங்கே வெள்ளை விளிம்பு விளக்கு ஓடுபாதை, நீலம் டாக்ஸிவே (விமானம் ஓடுபாதைக்குப் போய்வரும் வழி) ஓரம், பச்சை அதன் நடுக்கோடு, சிவப்பு என்றால் நில். சரக்கு ஆவணம், எடைக் கணக்குப் பிரிவுகளில் கேட்டுப் பாருங்கள்.