இருக்கும் வீட்டின் மேல் அனுமதி வாங்காமல் இன்னொரு மாடி கட்டினால் உண்மையில் என்ன சிக்கல் வரும்?

அபராதம்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் அஸ்திவாரத்தில் இருக்கிறது. ஒரு தளத்துக்கென்று போட்ட அஸ்திவாரம் இரண்டாவது தளத்தின் எடையைத் தாங்குமா என்று யாரும் கணக்கிட்டிருக்க மாட்டார்கள். மண் சீரில்லாமல் அமிழ்ந்தால், சுவரில் சாய்வான விரிசல் விழும், பெரும்பாலும் ஜன்னல் மூலையிலிருந்து தொடங்கும்.

அனுமதியோடு கட்டும்போது கான்கிரீட் ஊற்றும் முன் கம்பியைச் சோதிக்கும் வழக்கம் உண்டு. தூணில் 12 மி.மீ. கம்பிக்கு ஏறத்தாழ 600 மி.மீ. ஒட்டு (இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று படியும் நீளம்) வேண்டும், 300 மட்டுமே விட்டாலும் ஊற்றியபின் வெளியே தெரியாது.

பிறகு முறைப்படுத்தலாம் என்பது பாதி உண்மை. கம்பியை ஸ்கேன் செய்து, கான்கிரீட்டில் உருளைத் துண்டு வெட்டிச் சோதித்து வலிமையைக் காட்டலாம். ஆனால் எல்லையிலிருந்து விடவேண்டிய இடத்தில் கட்டியிருந்தால் எந்தச் சோதனையும் உதவாது, இடிக்கச் சொல்லலாம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? தாமதம், கட்டணம், "உள்ளே மாற்றுவதற்கு எதற்கு அனுமதி" என்ற எண்ணம். பாரம் தாங்கும் சுவரை அகற்றுவதும் அந்த "உள்ளே"யில் அடக்கம் என்பதை மறந்துவிடுகிறார்கள்! விற்கும்போது வரைபடமும் கட்டடமும் பொருந்தாவிட்டால் வங்கிக் கடன் நின்றுபோகலாம், காப்பீட்டு இழப்பீடும் மறுக்கப்படலாம்.

ஏற்கெனவே பாதி கட்டியிருந்தால் வேலையை நிறுத்திவிட்டு, பூச்சு பூசாமல், கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். பூசிய சுவரைச் சோதிக்க மறுபடி கொத்த வேண்டியிருக்கும்.