வாசகர் கேள்வி – பதில்: செயற்கைக்கோள் டெலிமெட்ரிக்கு எந்த ரிசீவர்?

கேள்வி: என்னிடம் பவ்ஃபெங் யுவி-5ஆர் ஹேண்டி (கையடக்க ரேடியோ) ஒன்று இருக்கிறது. ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) செயற்கைக்கோள்கள் அனுப்பும் டெலிமெட்ரியை, அதாவது பேட்டரி, வெப்பநிலை போன்ற நிலவரத் தகவலை, லேப்டாப்பில் டீகோட் செய்து பார்க்க ஆசை. இதுவே போதுமா, எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகி மென்பொருளால் இயக்கும் ரிசீவர்) வாங்க வேண்டுமா? நண்பர் ஒருவர் ஐகாம் ஐசி-9700 என்ற பெரிய ரேடியோ இருந்தால்தான் சரிவரும் என்கிறார். என் பட்ஜெட் 7,000 ரூபாய். (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: டாங்கிள் வாங்குங்கள். ஏன் என்று தெரிந்துகொண்டு வாங்கினால் அப்புறம் வருத்தப்பட மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹேண்டி மனிதக் குரலுக்காகச் செய்த பொருள். வரும் எஃப்எம் சிக்னலில் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதையும் வெட்டிவிட்டுத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். பேச்சுக்கு அது போதும். நொடிக்கு 1200 பிட் வேகத்தில், ஏஎஃப்எஸ்கே (தகவலைத் தொனிகளாக்கி அனுப்பும்) முறையில் வரும் தகவல் பாக்கெட்டுக்கும் போதும், ஏனென்றால் அதில் 1,200, 2,200 ஹெர்ட்ஸ் என்று இரண்டே தொனிகள்தான் மாறி மாறி வரும், இரண்டும் வெட்டுக்குத் தப்பிவிடும். அதனால் சர்வதேச விண்வெளி நிலையம் 145.825 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் ஏபிஆர்எஸ் (இடம், குறுஞ்செய்தி போன்றவற்றை அனுப்பும் ஹாம் முறை) பாக்கெட்டுகளை, ஹேண்டியின் இயர்போன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர் போட்டு, டயர்வுல்ஃப் மென்பொருளை ஓடவிட்டு, பைசா செலவில்லாமல் பிடிக்கலாம். முதலில் அதைச் செய்து பாருங்கள்.

சிக்கல் அதற்கு மேலே போகும்போதுதான். 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில் நிறைய கியூப்சாட்கள் (சின்னப் பெட்டி அளவுச் செயற்கைக்கோள்கள்) 9600 வேகத்தில், அலைவரிசையைச் சற்றே மாற்றித் தகவல் ஏற்றும் எஃப்எஸ்கே, ஜிஎம்எஸ்கே முறைகளில் அனுப்புகின்றன. அந்த சிக்னலின் உயிர் கிட்டத்தட்ட பூஜ்யம் ஹெர்ட்ஸில் தொடங்கி 4,800 வரை பரவி இருக்கும். ஹேண்டி அதன் தலையையும் காலையும் வெட்டிவிடுவதால் காதுக்கு அழுத்தமான ஒரு இரைச்சல் பலமாகவே கேட்கும், லேப்டாப்பில் ஒரு ஃப்ரேம்கூட (ஒரு தகவல் தொகுப்புகூட) விழாது. ஃபன்கியூப்-1 என்ற செயற்கைக்கோள் போல 1200 வேகத்தில் பிபிஎஸ்கே (அலையின் கட்டத்தை மாற்றித் தகவல் ஏற்றும்) முறையில் அனுப்பும் கோள்களுக்கு எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப் பட்டை) ரிசீவர் வேண்டும். ஹேண்டியில் எஸ்எஸ்பியே கிடையாது. ஆக, "எந்த ரிசீவர்" என்பதற்கு முன்னால் "எந்தக் கோள், என்ன மாடுலேஷன் (தகவல் ஏற்றும் முறை)" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

டாங்கிள் இப்படி எதையும் வெட்டுவதில்லை. சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு வருவதை அப்படியே கணினியிடம் கொடுத்துவிடும், பிரிப்பதெல்லாம் மென்பொருளின் வேலை. எஸ்எஸ்பியும் 9600-ம் அதே டாங்கிளில் முடிந்துவிடும். ஐசி-9700 அருமையான ரேடியோ, சந்தேகமே இல்லை. ஆனால் விலை லட்சத்தைத் தாண்டும், அதன் முழுப் பயன் அனுப்பும்போதுதான். ஏஎஸ்ஓசி என்ற ஹாம் தேர்வு எழுதி உரிமம் வாங்கி, டிரான்ஸ்பாண்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கோளின் கருவி) வழியாகப் பேச ஆரம்பிக்கும்போது அதைப் பற்றி யோசியுங்கள்.

டாங்கிள் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது டிசிஎக்ஸ்ஓ, அதாவது வெப்பத்துக்கு அசையாத கிரிஸ்டல் இருக்கிறதா என்பதை. 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துல்லியம் என்றால் 437 மெகாஹெர்ட்ஸில் பிழை 437 ஹெர்ட்ஸ்தான். பெயரில்லாத மலிவு டாங்கிளில் 50 பிபிஎம் வரைகூடப் போகும், அப்போது பிழை 22 கிலோஹெர்ட்ஸ். டாப்ளரால், அதாவது கோள் நெருங்கி விலகுவதால், அலைவரிசையில் வரும் நகர்வே 10 கிலோஹெர்ட்ஸ்தான், அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி நின்று தேடிக்கொண்டிருப்பீர்கள். மொட்டைமாடி வெயிலில் டாங்கிள் சூடேற ஏற அது இன்னும் நகரும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 போன்றவற்றில் 1 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ, உலோகப் பெட்டி, எஸ்எம்ஏ கனெக்டர், ஆன்டெனா பக்கம் வைக்கும் ஆம்ப்ளிஃபயருக்குக் கேபிள் வழியாகவே கரன்ட் கொடுக்கும் வசதி எல்லாம் உண்டு. இவை 8 பிட், பிட் கூடினால் பலமான சிக்னலுக்கு நடுவே மெல்லியதையும் பிரித்தெடுக்க முடியும். ஏர்ஸ்பை மினி 12 பிட், எஸ்டிஆர்பிளே 14 பிட், விலையும் அதற்கேற்ப. வீட்டுக்குப் பக்கத்தில் எஃப்எம் நிலையத்தின் கோபுரம் இருந்து டாங்கிள் திணறினால்தான் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும், அங்கேயும் முதலில் 88–108 மெகாஹெர்ட்ஸை அடைக்கும் ஒரு ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள், பல நேரம் அதுவே தீர்த்துவிடும்.

மிச்சக் காசை ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் வையுங்கள், இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் குச்சிகள், நடுவே 120 டிகிரி, படுக்கைவாக்கில் வைத்தால் வி-டைபோல் ஆன்டெனா தயார். 435-க்குக் கையில் பிடித்துத் திருப்பும் சின்ன யாகி (ஒரு திசையை நோக்கிக் கேட்கும் ஆன்டெனா). கேபிளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் போட்டால் 435-ல் ஏறக்குறைய 4 டெசிபெல் போய்விடும், வந்த சிக்னலில் பாதிக்கும் மேல் கேபிளுக்குள்ளேயே கரைந்துவிட்டது என்று அர்த்தம். அதே நீளத்துக்கு டிஷ் டிவியின் ஆர்ஜி-6 கேபிளில் 2 டெசிபெல்லுக்குள் முடிந்துவிடும். அது 75 ஓம்ஸ் ஆயிற்றே என்று பயப்பட வேண்டாம், கேட்பதற்கு மட்டும் என்றால் அந்த இழப்பு கணக்கிலேயே வராது. நான் ஆரம்பத்தில் மாடியிலிருந்து அறைவரை 15 மீட்டர் மெல்லிய கேபிள் இறக்கி, மூன்று வாரம் ஒன்றும் விழாமல் உட்கார்ந்திருந்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய் 2 மீட்டர் கேபிளில் மாட்டிய அன்று, ஃபன்கியூப்பின் ஒரே பாஸில் (வானை ஒருமுறை கடக்கும் நேரத்தில்) 40 ஃப்ரேமுக்கு மேல் வந்தது.

கேள்வி: வாட்டர்ஃபாலில் (சிக்னலைத் திரையில் காட்டும் ஓடும் படத்தில்) சிக்னல் நன்றாகத் தெரிகிறது, டீகோட் மட்டும் ஆகவில்லை. டாங்கிள் பழுதா? (மதுரை)

பதில்: பழுதாக இருக்காது. கெயினை (சிக்னலைப் பெரிதாக்கும் அளவை) ஆட்டோவில் விட்டிருந்தால் எடுத்துவிட்டு, ஆன்டெனாவை மாட்டியபடி மெதுவாக ஏற்றுங்கள். அடியிலுள்ள இரைச்சல் லேசாக உயரத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஏற்றினால் சிக்னலோடு சேர்ந்து குப்பையும்தான் வளரும். அப்புறம் டாப்ளர். 437 மெகாஹெர்ட்ஸில் கோள் எழும்போது சிக்னல் 10 கிலோஹெர்ட்ஸ் மேலே இருக்கும், மறையும்போது அதே அளவு கீழே. வாட்டர்ஃபாலில் அந்த வளைந்த கோட்டை உற்றுப் பாருங்கள், இரண்டு முனைகளிலும் சோம்பலாக நகர்ந்து, கோள் தலைக்கு மேல் வரும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் சடாரென்று சரியும். சிக்னல் மிகப் பலமாக இருப்பதும் அப்போதுதான், கையால் டியூன் செய்கிறவர்கள் தவறவிடுவதும் அப்போதுதான். கோளின் பாதையைக் கணிக்கும் ஜிபிரெடிக்ட் மென்பொருளை எஸ்டிஆர் மென்பொருளோடு இணைத்து அதையே டியூன் செய்யவிடுங்கள். டிஎல்இ (அந்தக் கணிப்புக்கான பாதை விவரம்) புதிதாக இருக்கட்டும், பல வாரம் பழசானால் நேரமே தப்பும்.

கேள்வி: நம் நாட்டின் ஹாம்சாட் செயற்கைக்கோளை இப்போதும் கேட்க முடியுமா? (சேலம்)

பதில்: முடியாது. 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6-ல் போன அந்தக் கோள் 2014 ஜூலையில் ஓய்ந்துவிட்டது. எனக்கும் அது பெரிய இழப்புதான். ஏஓ-7 என்ற பழைய ஹாம் செயற்கைக்கோள் பக்கம் திரும்புங்கள். 1974 நவம்பரில் ஏவியது, 1981-ல் பேட்டரி கெட்டு ஊமையானது, 2002-ல் பேட்டரியின் ஷார்ட் விலகி, வெயில் படும்போது மட்டும் பேசத் தொடங்கியது. 145.975 மெகாஹெர்ட்ஸை ஒட்டி அதன் பீக்கன் (அடையாள சிக்னல்). மோர்ஸில் "ஹெச்ஐ ஹெச்ஐ" என்று ஆரம்பித்து எண்களாகச் சொல்லும். எஸ்எஸ்பி வரும் எந்த டாங்கிளும் போதும், டீகோடர் உங்கள் காதுதான்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட எளிய வழி சொல்லுங்கள். லேப்டாப்பை எப்போதும் மாடியில் வைக்க முடியாது. (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: டீச்சர், உங்களுக்கு டாங்கிள்கூட வேண்டாம். 433 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைந்த சக்தியில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் முறை) சிப் பொருத்திய ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை) ஒன்றை வாங்கி, டைனிஜிஎஸ் மென்பொருளை ஏற்றி, வைஃபையில் இணைத்து ஜன்னலோரம் வையுங்கள். பெரும்பாலும் லோராவில் அனுப்பும் கோள்களைத்தான் அது கேட்கும், ஆனால் ஆள் இல்லாமலே கேட்டுக்கொண்டிருக்கும். காலையில் பிள்ளைகள் வந்ததும் ராத்திரி என்ன விழுந்தது என்று போர்டின் சின்னத் திரையில் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். கோளின் பேட்டரி வோல்ட்டையும் வெப்பநிலையையும் தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்தக் கோளைத் தேடினாலும் அது இப்போது உயிரோடு இருக்கிறதா என்று ஆம்சாட் என்ற ஹாம் செயற்கைக்கோள் அமைப்பின் நிலவரப் பக்கத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு வராத கோளுக்காகக் காத்திருப்பது கஷ்டம்.