ஜூலியா வந்து இறங்கிய கரை

கேள்வி: காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். 1836-ல் மெட்ராஸுக்கு வந்த ஜூலியா மைட்லண்ட் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் படித்ததிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது. லீவு நாட்களில் ராஜாஜி சாலையில் அவர் இறங்கிய கரையைத் தேடிப் போனால் துறைமுக மதில்தான் தெரிகிறது. "வெள்ளைக்காரி கடிதாசியைக் கட்டிக்கிட்டு அலையறியே, நம்ம ஜனங்களுக்குக் கதையே இல்லையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். விட்டுவிடவா?

பதில்: விடாதீர்கள், சகோதரி. வீட்டில் கேட்டதும் நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஜனங்கள் அந்தக் கடிதங்களுக்கு வெளியே நிற்கவில்லை.

அன்றைக்கு மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். முதலில் அதை நெருங்குவது நம் கட்டுமரக்காரர்கள். தலையில் கூம்பு மாதிரி ஓலைத் தொப்பி, அதற்குள் நனையாமல் கடிதங்கள். அலை புரட்டிப் போட்டாலும் ஆள் நீந்தி மரத்தில் ஏறிவிடுவார், கடிதமும் பத்திரமாக இருக்கும். அப்புறம் மசூலாப் படகு வரும். ஆணியே இல்லாமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு. அலை அடிக்கும்போது பலகை நெளிந்து கொடுக்கும், பிளக்காது. எந்தச் சீமாட்டி வந்தாலும் இந்தக் கரை மீனவர்களின் கையை நம்பித்தான் மண்ணை மிதிக்க முடியும். ஜூலியா எழுதிய கடிதங்களும் அதே அலையைத் தாண்டித்தான் இங்கிலாந்து போயின.

சரி, அந்தக் கரை எங்கே? 1870-களில் துறைமுக வேலை தொடங்கியது. 1881 புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணலை அந்தக் கல்சுவர் மறித்துவிட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கமெல்லாம் கடல் கரையை அரிக்க ஆரம்பித்தது. ஜூலியாவின் கரை மறைந்ததும் உங்கள் பக்கத்துத் தெருக்களைக் கடல் கொண்டுபோனதும் ஒரே காரணத்தால்தான். இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள்.

அவர் காலத்து இடங்கள் சில இன்னும் இருக்கின்றன. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680-ல் கட்டிய புனித மேரி தேவாலயம் இருக்கிறது. இன்றைய கோட்டை அருங்காட்சியகத்தின் மொட்டை மாடியில்தான் அப்போது கலங்கரை விளக்கு எரிந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூணில் அவரைத் தேடாதீர்கள், அதில் விளக்கு ஏற்றியது 1844-ல். பழைய நகரச் சுவரின் மிச்சத்தைப் பழைய ஜெயில் சாலை மாடிப் பூங்காவில் தொட்டுப் பார்க்கலாம்.

அவருடைய கடிதங்கள் 1843-ல் பெயர் போடாமல், 'ஒரு சீமாட்டி' என்று மட்டும் குறிப்பிட்டுப் புத்தகமாக வந்தன. நம்மவர்களைத் தாழ்த்திப் பேசும் இடங்களும் அதில் உண்டு. அவற்றைத் தாண்டிப் போகாமல் நின்று படியுங்கள், கோபம் வந்தால் வரட்டும். அதே ஜூலியா, இங்கே குடியிருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் இந்த ஊர் மக்களைப் பற்றிக் கேட்கிறார். நல்லவேளை, எனக்கு ஒன்றுமே தெரியாது, தெரியவும் வேண்டாம் என்கிறாள் அவள். அதையும் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

அவர் கடிதம் எழுதினார், நமக்குக் கிடைத்தது. படகு வலித்தவர்கள் எழுதி வைத்தது நம் கைக்கு வரவில்லை. அதனால் இனி ராஜாஜி சாலையோடு நிற்காமல் உங்கள் குப்பத்துப் பெரியவர்களிடமும் உட்காருங்கள். கடல் கொண்டுபோன தெருவுக்கு என்ன பெயர், எந்தக் கோயிலை உள்ளே நகர்த்திக் கட்டினார்கள், வலை காயப்போட்ட மணல் எதுவரை இருந்தது, தாத்தாவின் தாத்தா யார் படகில் போனார் என்று கேளுங்கள். அவர்கள் பேச்சு நடையிலேயே, தேதி போட்டு எழுதி வையுங்கள். வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள், தள்ளிப் போடாதீர்கள். எழுதியதில் சில பக்கங்களை எனக்கும் அனுப்புங்கள்.